பன்னிரண்டாம் படுக்கையின் வயிறு

வருங்காலத் தலைமுறைகளின் நன்மையை முன்னிட்டு இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: மூன்றாம் வார்டு, பன்னிரண்டாம் படுக்கை நோயாளி, காலை ஏழு மணிக்கு இன்சுலின் ஊசிக்குத் தன் வயிற்றைக் காட்ட மறுத்துவிட்டார்.

அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருடச் சர்க்கரைக்காரர். கால் புண்ணுக்காக வந்து படுத்தவர். வார்டின் வழக்கம் இது: ஏழு மணிக்கு மணி அடித்தால் பன்னிரண்டாம் படுக்கையிலிருந்து ஊசி தொடங்கும், ஏழே காலுக்குச் சாப்பாட்டு வண்டி. திங்கட்கிழமை லிஃப்ட் படுத்துவிட்டது. வண்டி அடுத்த கட்டடத்துச் சரிவுப் பாதையில் ஏறி, ஊரைச் சுற்றிக்கொண்டு எட்டு மணிக்கு வரத் தொடங்கியது. இந்தச் சேதியை ஊசிக்கு யாரும் சொல்லவில்லை.

நேற்று ஊசி போட்ட முக்கால் மணி நேரத்தில் அவருக்குத் தொப்பலாக வியர்த்து, கை தந்தியடித்தது. சொந்த மனைவியையே "நீங்க எந்த ரூட்டும்மா?" என்று கேட்டார். அந்த அம்மாள் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியதால் பிழைத்தார். 'நோயாளிக்குப் பதற்றம்' என்று குறிப்பேட்டில் ஏறியது.

"சட்டையத் தூக்குங்க தாத்தா," என்றார் நர்ஸ்.

"தட்டு வரட்டும், தூக்குறேன். தாத்தா வேண்டாம்மா, அறுபத்தொண்ணுதான் ஆகுது."

"வீட்டுச் சாப்பாட்டுல உப்பில்லன்னாகூட வாயத் திறக்காத மனுஷன்!" என்று மனைவி வாயில் கைவைத்தார்.

பெரிய டாக்டர் வந்தார். பின்னால் ஏழு சின்ன டாக்டர்கள், ரயில் பெட்டிகள் மாதிரி. அவர் நின்றால் நின்றார்கள், இருமினால் தலையாட்டினார்கள்.

"இங்க டாக்டர் நீங்களா, நானா?"

"நீங்கதான் சார். ஆனா சர்க்கரை என்னுதுல்ல?"

தலையணைக்கடியிலிருந்து ஒரு நோட்டு வெளிவந்தது. நேற்றைய கணக்கை டிப்போ பாணியில் எழுதியிருந்தார்: ஊசி 7.02. வண்டி 7.58. நடுவே வீட்டுக் கருவியில் பார்த்த சர்க்கரை வெறும் 51.

"டிரைவர் ஏறாம வண்டிய எடுக்கச் சொல்றீங்க சார். சுவத்துலதான் போய் நிக்கும்."

பதினொன்றாம் படுக்கைத் தையல்காரர், தயாராகத் தூக்கி வைத்திருந்த சட்டையை மெல்ல இறக்கினார். பத்தாவது இறங்கியது. ஒன்பதாவது இறங்கியது. கதவோரம்வரை இறங்கிக்கொண்டே போயிற்று.

பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: 'சாப்பிடுவதற்குச் சற்று முன்.' ஏழு மணி என்று அவர் எழுதவே இல்லை. அது வார்டில் அடிக்கும் மணியின் சொந்தக் கருத்து.

"இதத்தானேம்மா நான் அன்னைக்கே சொன்னேன்!" என்று நர்ஸைப் பார்த்து முழங்கினார். "தட்டு கைக்கு வந்தப்புறம்தான் ஊசி. எல்லாருக்கும்!"

ஏழு தலைகளும் ஆடின.

சரிவுப் பாதையில் சக்கரம் கிறீச்சிட்டது. தையல்காரர் விசிலடித்தார். பன்னிரண்டு சட்டைகளும் கொடிபோல் உயர்ந்தன. மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறி ஸ்டூலில் சரிந்தார்.

"எட்டு மணி வண்டி, ரெண்டு நிமிஷம் முன்னாடியே வருது!" என்று கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து அறிவித்தார் டைம்கீப்பர்.

தட்டு மடிக்கு வந்தது. ஊசி இறங்கியது. மூடியைத் திறந்தார்.

முட்டையில் உப்பில்லை.