மேற்குக் கரை மழை

ஏசுதாஸ் இறந்து ஒன்றரை வருடமாகியும், அவர் கையெழுத்தோடு மழைக் கார்டுகள் செங்கல்பட்டு அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. எழுதியவள் அவர் மனைவி மார்கரெட்.

வெண்மணிப்பாக்கம் ஏரியின் மேற்குக் கரையில், அவர்கள் வீட்டெதிரே அரசாங்கத்து மழைமானி இருந்தது. தினமும் காலை எட்டரைக்கு அதில் சேர்ந்த தண்ணீரை அளந்து எழுதுவது ஏசுதாஸின் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று கார்த்திகையில் மஞ்சள்காமாலையில் படுத்தவர், "ஒரு நாள்கூட வுட்டுடாத மார்கரெட். நடுவுல வுட்டா மொத்தமும் வீணு" என்றார். அதற்குப் பிறகு அவர் தெளிவாக எதுவும் பேசவில்லை. அவளும் ஒரு நாள் விடவில்லை.

கோடை மழை அந்தக் கரைக்கு எப்படி வருகிறதென்று அவர்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார். ஏரி பெரியது, ஆழம் இடுப்பளவுதான். வெயிலில் சீக்கிரம் சூடேறி ஆவியாகும். மத்தியானம் மாமல்லபுரம் பக்கமிருந்து வரும் கடற்காற்று அந்த ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு மேற்கே போகும். காய்ந்த நிலத்தின் அனலில் மேலே ஏறும். ஏரிமேல் தூறல்கூட இருக்காது. கரை தாண்டியதும் கொட்டும். சித்திரை, வைகாசியில் ஐந்தாறு மழைக்குக் குறையாது. அதை நம்பித்தான் மேற்கே எள் விதைத்தார்கள்.

எழுபத்து நான்கில் ஐப்பசி மழை பொய்த்தது. மாசியில் ஏரிக்குள் மாடு மேய்ந்தது. அடுத்த கோடை முழுக்க மார்கரெட் பூஜ்யம்தான் எழுதினாள். எள் கருகிப்போனது.

ஆனியில் பாலசுப்ரமணியன் என்ற அதிகாரி ஜீப்பில் வந்திறங்கினார்.

"ஏசுதாஸ் எங்கேம்மா? எழுபது நாளா பூஜ்யம் அனுப்பறார். அளக்காமலே எழுதறாரா?"

மார்கரெட் அவரைக் கரைமேல் கூட்டிப்போனாள். ஏரி முழுக்க வெடித்த சேறு. கிழக்கேயிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது.

"காத்து வந்துகினுதான் கீது சார். வாரினு போறதுக்கு இங்க இன்னா கீது?"

அதிகாரி சேற்றைப் பார்த்தார். கையிலிருந்த பழைய கார்டுகளைப் புரட்டினார். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிய வருடமெல்லாம் அடுத்து கோடை மழை. ஐப்பசி பொய்த்த வருடம் கோடை மழையும் இல்லை. அவர் முகம் மலர்ந்தது.

"அருமையான பதிவும்மா இது. நான் மேலிடத்துக்கு எழுதறேன். அவரைக் கூப்பிடுங்க."

"அவுரு செத்துட்டாரு சார். நாந்தான் எழுதிகினு கீறேன்."

பாலசுப்ரமணியன் கார்டுகளில் இருந்த கையெழுத்தைத் திரும்பவும் பார்த்தார்.

"பொய் ஒண்ணும் எழுதல சார்," என்றாள் மார்கரெட். "காய்ச்சல்லகூட எழுந்து வந்து பாத்தேன்."

"நம்பறேம்மா. ஆனா இறந்தவர் கையெழுத்தை நான் எப்படிச் சேர்க்கறது?"

கார்த்திகைக்குப் பிந்தைய கார்டுகள் ஒவ்வொன்றிலும் அவர் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டார். பெயரின் மீதும் அந்தக் கோடு போனது. அடக்கத்தன்று அழாதவள், அங்கேயே முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

மறுவாரம் இரண்டு ஆட்கள் வந்து மழைமானியைப் பெயர்த்துக் கிழக்குக் கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பியது. எழுபத்தாறு சித்திரையில் மேற்குக் கரையில் நான்கு நாள் நல்ல மழை. கிழக்குக் கரையில் ஒரு சொட்டு இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் பூஜ்யம் என்று சரியாகவே எழுதி அனுப்பினார்.