அவள் தின்ற பிறகு, அவன் தின்னும் முன்

1

செங்கல்பட்டு பஸ்ஸில் விவிலியத்தின் படைப்புக் கதையைப் படித்துக்கொண்டு வந்தபோது எழுந்த ஒரு சந்தேகம்தான் இந்தக் கதை. தோட்டத்தின் நடுவே இரண்டு மரங்கள். நன்மை தீமை அறியும் மரத்தை மட்டும்தான் கடவுள் விலக்குகிறார். உயிரின் மரத்தை அப்போது விலக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்ற அதை இருவரும் ஏன் தொடவில்லை?

(எனக்குத் தோன்றியது: சாவு என்னவென்று தெரியாதவர்களுக்கு உயிரின் மரம் வெறும் நிழல்.)

2

முதல் தொடக்கம்: 'சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே ஓர் ஆப்பிள் மரத்தடியில்...' அடித்துவிட்டேன். இந்த மணலில் ஆப்பிள் ஏது? மூலக் கதையிலும் பழத்துக்குப் பெயரில்லை.

முந்திரி என்று மாற்றினேன். பழம் இனிக்கும். அடியில் தொங்கும் பச்சைக் கொட்டையைக் கடித்தால் உதடு வெந்துவிடும்.

3

அந்த முந்திரி மரத்தடியில் அரசு தன் பைக்கை நிறுத்தினான். மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிறவன். பின்னால் இருந்து இறங்கியவள் அவன் மனைவி ரேணுகா. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள். அவனுக்கு வயிற்றில் புற்று. அவன் அறிந்தது அல்சர். பயத்திலேயே போய்விடுவான், சொல்லாதே என்று போன வாரமே அவன் அண்ணன் தாமோதரன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அடுத்த வாரமே மருந்து ஏற்றத் தொடங்கினால்தான் பிழைக்க வழியுண்டு என்று இன்று டாக்டரும் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

(இங்கே ரேணுகாவை அழவைத்தேன். பொய்யாக இருந்தது. டீ வாங்கப் போன இடத்திலேயே அழுது முடித்திருப்பாள்.)

அரசு ஒரு பழத்தைப் பறித்து, கொட்டையைத் திருகி எறிந்துவிட்டு அவளிடம் நீட்டினான்.

"இன்னாமே, மூஞ்சிய தூக்கி வெச்சிகினு வர? அல்சரு எனுக்கா, உனுக்கா?"

அவள் சிரித்துவைத்தாள். ஒரு வாய் கடித்தாள்.

"அடுத்த வாரம்லாம் நான் வர்ல. மீனு நல்லா பட்டுகினு கீது. வவுத்துப் புண்ணுக்கு மோரு போதும்."

4

படைப்புக் கதையில் அவள் தின்கிறாள். பிறகு அவனுக்கும் கொடுக்கிறாள். நடுவில் எவ்வளவு நேரம் போனது? யாரும் எழுதவில்லை. அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அத்தனை பெரிய தோட்டத்தில் அவள் ஒண்டியாள். அதைத் தாங்க முடியாமல்தான் கொடுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். ரேணுகா அந்த இடைவெளியில்தான் ஒரு வாரமாகச் சமைக்கிறாள், அவன் பக்கத்தில் படுத்து எழுகிறாள்.

5

ஒரு முடிவு: அவள் சொல்லவில்லை. அவன் சிரித்துக்கொண்டே கடலுக்குப் போகிறான். ஆடி மாதம் வரும்போது... (இதை முடிக்க என்னால் ஆகவில்லை.)

இன்னொன்று: சொல்கிறாள். அவன் வண்டியைச் செங்கல்பட்டுக்கே திருப்புகிறான். இல்லை, இது என் ஆசை. தின்ற பிறகுதான் கடவுள் அவர்களைத் தோட்டத்திலிருந்து துரத்திவிட்டு, உயிரின் மரத்துக்குப் போகும் வழியில் நெருப்பு வாளைச் சுழலவைக்கிறார். தெரிந்தவனுக்குத்தான் அந்த வழி தேவைப்படுகிறது. அவனுக்குத்தான் அது அடைபடவும் செய்கிறது.

6

அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவள் கையில் பாதிப் பழம் இருக்கிறது.

"யோவ், கொஞ்சம் இரு."

"இன்னா?"

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். இவ்வளவு தூரம் படித்துவிட்ட உங்களுக்கும் தெரியும். மரத்தடியில் தெரியாதவன் அவன் ஒருவன்தான். திரும்பி, நம் மூவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.