டார்லீனின் எஸ்தோனியா ஜாக்கெட்

பிரென்னா பிறந்தது, வளர்ந்தது, பால்பல் விழுந்தது எல்லாம் அமெரிக்காவில், டெட்ராய்ட் பக்கத்தில். பனிமேல் ஜோடி நடனம் ஆடுவது மட்டும் எஸ்தோனியாவுக்காக. முன்பு அமெரிக்காவுக்காகத்தான் வருஷக்கணக்கில் ஆடினாள், ஐந்தாவதாகவே வந்தாள். உலகப் போட்டிக்குப் போவது முதல் மூன்று ஜோடி. ஐந்தாவதை யார் சீந்துவார்கள்? கூட ஆடியவனும் கழற்றிவிட்டான். இந்த ஆட்டத்தில் பெண்கள் கொட்டிக் கிடக்கிறார்கள், ஆண்பிள்ளைதான் சிக்க மாட்டான். எஸ்தோனியாவின் தாலின் நகரத்தில் ராஸ்மஸ் என்று ஒருவன் ஜோடியில்லாமல் இருப்பது தெரிந்ததும் கோச் டார்லீன் விடவில்லை.

"நாட்டையெல்லாம் பாக்காதேடி. உயரம் சரியா இருக்கு, புடிச்சுக்கோ."

அப்பா கேரிக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை.

"அமெரிக்கா உனக்கு என்னடி குறை வெச்சுது?"

"மூணாவது இடம்ப்பா."

அதன் பிறகும் அவர் ஒரு போட்டி விடாமல் வந்தார். வந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்பின் தெரியாத ஜோடிக்கெல்லாம் கைதட்டுவார், மகளுக்குத் தட்ட மாட்டார். என்ன வீம்பு அது! பிரென்னா பதக்கத்துக்கு ஆசைப்படவில்லை. அந்த இரண்டு கை ஒரு தடவை தட்டினால் போதும் என்றிருந்தாள். வாய்விட்டுக் கேட்பாளா? கேரியின் மகளாயிற்றே.

அந்த வருஷம் உலகப் போட்டி மாண்ட்ரியாலில். டார்லீனிடம் பல நாட்டு ஜோடிகள். ஆடி முடித்தவர்கள் மதிப்பெண்ணுக்காகப் பெஞ்சில் காத்திருக்கும்போது, கோச்சும் அந்தந்த நாட்டு ஜாக்கெட்டோடு பக்கத்தில் உட்காருவது வழக்கம். டார்லீன் ஒன்றைக் கழற்றுவாள், ஒன்றை மாட்டுவாள். மிச்ச ஜாக்கெட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்காரும் வேலை கேரிக்கு.

"கொடியும் புடிக்க மாட்டேங்குறீங்க. கை சும்மாதானே இருக்கு?" என்று டார்லீன் அவர் தலையில் கட்டியிருந்தாள்.

பிரென்னாவுக்கு முன்னால் ஆடியது அமெரிக்க ஜோடி. அவர்கள் பெஞ்சில் காத்திருக்க, பிரென்னாவும் ராஸ்மஸும் பனியில் சுற்றிவந்தார்கள். ஒலிபெருக்கியில் "அமெரிக்கா" என்று கேட்டதுதான் தாமதம், பழகிப்போன கால் அவளை நடுவே கொண்டுபோய் நிறுத்தியது. கையை விரித்து, குனிந்து வணக்கமும் சொல்லிவிட்டாள். அறிவித்தது அமெரிக்க ஜோடியின் மதிப்பெண். அரங்கமே சிரித்தது.

"அது நாம இல்ல," என்றான் ராஸ்மஸ்.

"தெரியும், வாயை மூடு."

அவமானம் பிடுங்கித் தின்றது. அப்பாவும் பார்த்திருப்பார். அந்த ஆத்திரத்திலேயே ஆடினாள். ஒரு திருப்பம்கூடப் பிசகவில்லை.

முடித்து வந்தால், டார்லீன் பழைய ஸ்வெட்டரோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நம்ம ஜாக்கெட் எங்க?"

"உங்கப்பனைக் கேளு. மத்ததெல்லாம் குடுத்தாரு. இதை மட்டும் தர மாட்டேன்னுட்டாரு."

பிரென்னா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஒரு துணிமேல்கூடவா இத்தனை வெறுப்பு? மதிப்பெண் வந்தது. இருவரும் சேர்ந்து இதுவரை வாங்காத மதிப்பெண். ராஸ்மஸ் அவளைக் கட்டிக்கொண்டு கத்தினான். அவள் முதல் வரிசையைப் பார்த்தாள்.

கேரி எழுந்து நின்றிருந்தார். எஸ்தோனியா ஜாக்கெட் அவர் உடம்பில்தான் இருந்தது. அதன் கை அவர் முழங்கையோடு நின்றுவிட்டது, தொப்பைக்கு மேல் ஜிப் ஏறவில்லை. அவர் தட்டிய தட்டில் தோள்பட்டைத் தையல் பிரிந்துகொண்டிருந்தது.

"போச்சு, என் ஜாக்கெட் போச்சு," என்றாள் டார்லீன்.

"போகட்டும்," என்றாள் பிரென்னா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.