எலுமிச்சைக்கு வளைந்த வரப்பு

மண்வளப் பாதுகாப்பு இன்ஜினீயருக்கு அந்த ஊரில் இன்னும் பட்டப்பெயர் விழவில்லை. அதில் அவனுக்கு ரகசியமாக ஒரு பெருமை.

அந்தச் சரிவில் மண்ணையும் மழைநீரையும் காப்பாற்ற இதுவரை நடந்த வேலைகளின் வரலாற்றை எழுதி, அன்று மாலை விவசாயிகள் கூட்டத்தில் அவன் வாசிக்க வேண்டும். எழுதும்போதுதான் ஒன்று புரிந்தது. உருப்படியாக நின்ற எதற்கும் ஊர் பெயர் வைப்பதில்லை. சொதப்பியவற்றுக்கு மட்டும்தான் வைக்கிறது, அதுவும் சொதப்பியவரை வைத்து. முதல் மழையிலேயே மண் மூடிய தடுப்பணை 'கண்ணாடி ஆபீசர் அணை'. ஆடுகள் தின்று தீர்த்த மரக்கன்றுகள் 'தொப்பிக்காரர் தோப்பு'. கண்ணாடியும் தொப்பியும் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார்கள். பெயர்கள் போகவில்லை.

சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் அவன் போட்ட சமமட்ட வரப்புகள் பெயரில்லாமல் வாழ வேண்டும் என்பது அவன் ஆசை. கூட்டம் முடிந்த கையோடு, மேட்டு நிலத்துக்காரரிடம் போய் அவர் மகளைப் பெண் கேட்க வேண்டும் என்பது இன்னொரு ஆசை. முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தான். அங்கேயே நாக்கு குழறியது.

வேலை தொடங்கிய அன்றே அவள் கேட்டிருந்தாள்: "வந்த ஆபீசருங்க எல்லாரும் எங்க நெலத்துல ஆளுக்கொரு பள்ளம் விட்டுட்டுப் போயிருக்காங்க. நீங்க என்ன சார் விட்டுட்டுப் போவீங்க?"

பள்ளம் விடாதவன் என்று காட்டிவிட்டுத்தான் பெண் கேட்பது என்று அன்றே முடிவு செய்தான்.

இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்தது. காலையில் அவள் அப்பா போன் செய்தார். "தம்பி, கொஞ்சம் மேட்டுக்கு வந்துட்டுப் போங்க. பூட்ஸ் போட்டுக்கிட்டு வாங்க."

பூட்ஸைத் தேடி மாட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினான்.

எலுமிச்சை மரத்துக்குக் கீழே வரப்பு வாய் பிளந்து கிடந்தது. தக்காளிச் செடிகள் சேற்றுக்குள். அப்பா கவிழ்த்த கூடையின்மேல் உட்கார்ந்திருந்தார். மகள் மண்வெட்டியோடு நின்றாள்.

"மத்த இடமெல்லாம் நின்னுடுச்சு. இங்க மட்டும்தான் போச்சு," என்றாள்.

"மழை கொஞ்சம் அதிகம்..."

"மழை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான் சார் பெஞ்சுது."

"இங்க மண்ணு கொஞ்சம் இளகல்."

"வரப்புக்குக் கோடு பார்த்து முளைக்குச்சி அடிக்கும்போதும் இதையேதான் சொன்னீங்க."

சொன்னான்தான், கோட்டை வளைக்க ஒரு சாக்காக. மட்டக் கருவி காட்டிய கோடு அந்த மரத்தின் தூரில் நேராகப் போய் முட்டியது. ஆனால் எதிர்ச் சரிவில் நின்று அவளோடு போனில் பேசும்போதெல்லாம், அவள் அந்த மரத்தடியில் நின்று சிரிப்பதை அவன் பார்த்திருக்கிறான். வரப்பு எப்போது வரும் என்று கேட்பாள், இவன் சரிவின் கணக்கை விளக்குவான், அவள் சிரிப்பாள். அதிலிருந்து படித்த மூளை கண்டுபிடித்தது, அவளுக்கு அந்த மரம் உயிர் என்று. கோட்டைக் கீழே இறக்கி, மரத்தைச் சுற்றிக்கொண்டு போனான். தண்ணீருக்குக் காதலெல்லாம் கிடையாது. தாழ்ந்த இடத்தைத் தேடி வந்து, கூடி நின்று, உடைத்துக்கொண்டு போய்விட்டது.

"தப்பு என்னோடதுதான்," என்றான். "மரத்தக் காப்பாத்தணும்னு கோட்ட எறக்கிட்டேன். உங்களுக்குப் பிடிச்ச மரமாச்சே."

"இதுவா? ஒரு காய் காய்ச்சதில்ல. முள்ளு குத்தாத நாளில்ல. வரப்பு வருதுன்னதும், வெட்டிடுவீங்கன்னு சந்தோஷப்பட்டேன்."

"அப்புறம் ஏன் எப்பவும் அதுக்கடியிலயே நிக்கறீங்க?"

"அங்கதான் சார் சிக்னல் கிடைக்குது."

அப்பாவுக்கு இருமல் வந்தது. இருமல் மாதிரியே இல்லை.

"சாயங்காலம் இதையும் சேர்த்து வாசிச்சிடறேன்," என்றான். "திரும்ப மட்டம் பார்த்து நானே கட்டித் தர்றேன்."

"கோடு ஏன் வளைஞ்சுதுன்னு என்ன எழுதுவீங்க?"

அவன் பூட்ஸைப் பார்த்தான்.

"எழுதாட்டி என்ன தம்பி," என்றார் அப்பா. "ஊரே பேர் வெச்சாச்சு."

"அதுக்குள்ளயா? என்ன பேரு?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் மண்வெட்டியில் ஒட்டிய சேற்றை அக்கறையாகச் சுரண்டினாள்.

"மாப்பிள்ளை வரப்பு," என்றார்.

"ராத்திரிதானே உடைஞ்சுது?"

"பேரு இன்னிக்கு வெச்சதில்ல. நீங்க முளைக்குச்சி அடிச்ச அன்னிக்கே வெச்சது."

கண்ணாடியும் தொப்பியும்கூடச் சொதப்பிய பிறகுதான் பெயர் வாங்கினார்கள். இவன் முன்கூட்டியே வாங்கியிருக்கிறான். ஒத்திகை பார்த்த வசனம் மொத்தமும் மறந்து போயிற்று.

"அந்தப் பேரு..." என்று தொடங்கினான். "உங்களுக்குச் சம்மதமா?"

"உடைஞ்ச வரப்புக்கு அந்தப் பேரு வேணாம்." அவள் மண்வெட்டியை அவன் பக்கம் நீட்டினாள். "மொதல்ல மரத்த வெட்டிட்டு, நேரா கட்டுங்க."

"மரத்த வெட்டிட்டா, நெழலு இல்லாம எங்க நின்னு போன் பேசுவீங்க?"

"யார்கிட்ட பேசப் போறேன்? பேசற ஆளு இங்கயேதான இருக்கப் போறீங்க."

சார் என்ற வார்த்தை அதில் இல்லை. அது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் மண்வெட்டியை வாங்க வேகமாகக் காலை எடுத்து வைத்தான். கால் மட்டும் வந்தது. பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது.