எவாரிஸ்தோவுக்காக ஒரு கொப்பரைக் கறி

அமெரிக்காவில் யாகிமா பக்கத்து ஆப்பிள் தோட்டங்களில் யாராவது ஒருத்தர் கண்ணை மூடினால், மெக்சிகோக்காரர்கள் முதலில் செய்வது அடுப்பு மூட்டுவதுதான். அழுகை, ஜெபம் எல்லாம் அப்புறம். சோள ரொட்டியில் கறி வைத்து டாக்கோ போட்டு விற்று, வருகிற காசில் சவப்பெட்டியை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். உயிரோடு இருக்கும்வரை எல்லை தாண்டிப் போய்ப் பெற்ற தாய் முகத்தைப் பார்க்க வழியில்லாதவனுக்கு, செத்த பிறகு ராஜ மரியாதை. பெட்ரோல் பங்க் ஓரத்தில் நாலு மேஜை போட்டு நடக்கிற கிரிசாந்தோவின் கடையில் ஒரு படத்தை மாட்டி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டால் போதும், அந்தச் சனிக்கிழமை ஊரே அங்கேதான் சாப்பிடும்.

இந்தச் சனிக்கிழமை மாட்டியிருந்தது எவாரிஸ்தோவின் படம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏணியிலிருந்து இறங்கி, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்த மனுஷன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். தூங்குகிறார் என்றுதான் கூட இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

கடையின் பின்கட்டில் செப்புக் கொப்பரையை ஏற்றி, அவருக்காகப் பன்றிக்கறி வேகவைத்துக்கொண்டிருந்தவள் அமாலியா. பதினாலு வருஷம் அவரோடு ஒரே கூரையின் கீழ் குடும்பம் நடத்தினவள். பெண்டாட்டி என்று சொல்லலாமா? முடியாது. சர்ச்சில் மோதிரம் மாற்றிக்கொண்டவள் ரமோனா என்று மெக்சிகோவில், அவருடைய மிச்சோகான் பக்கத்து ஊரில் இருக்கிறாள். ரெண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எவாரிஸ்தோ இந்தப் பக்கம் வந்தார். திரும்பவும் இல்லை, அவளோடு உறவை அறுத்துக்கொள்ளவும் இல்லை. இங்கே பாதி வீடுகளில் இதுதான் கதை. ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அமாலியாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் இங்கேயே கிடக்க வேண்டும். ஊருக்கு மேலே குன்றில் இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் சர்ச்சுக்குச் சொந்தமான இடம் ஒன்று காலியாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் பெட்டி அனுப்பப் பணம் சேராவிட்டால் அங்கேயே அடக்கம் பண்ணிக்கொள்ளலாம் என்று பாதிரியார் சொல்லியிருந்தார். அங்கே என்றால் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் உட்காரலாம். புல்லைப் பிடுங்கலாம், நாலு வார்த்தை திட்டலாம். மிச்சோகானுக்குப் போய்விட்டால் போனதுதான். இந்த நாட்டில் இருக்க அவளுக்கும் காகிதம் கிடையாது. எல்லை தாண்டிப் போனால் திரும்ப முடியாது. அப்படியே போனாலும், அந்த ஊரில் போய் யாரென்று சொல்லிக்கொண்டு நிற்பாள்?

புதன்கிழமையே கிரிசாந்தோவிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் எவாரிஸ்தோவுக்கு ஒரே ஊர்க்காரர், கூட்டாளி, எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்துகிறவர்.

"அண்ணே, அவரை இங்கயே வச்சிக்கிட்டா என்ன?"

"என்ன பேச்சு பேசுறே? குடிச்சா அவன் என்ன சொல்வான்? 'என்னை எங்க ஊரு மண்ணுலதான் போடணும்'னு சொல்லி அழுவான்ல? நான் கையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"குடிச்சா எல்லா ஆம்பளைங்களும்தான் சொல்றீங்க. குடிக்காதப்ப என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லண்ணே."

கிரிசாந்தோ தலையைச் சொறிந்தார். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் வாய்க்கும் மூளைக்கும் நடுவே கதவே கிடையாது. "அங்க பொண்டாட்டின்னு ஒருத்தி காத்துக்கிட்டு இருக்காம்மா," என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது போல. "நீ சமைச்சாத்தான் கூட்டம் வரும். உன் கைப்பக்குவம் யாருக்கு வரும், சொல்லு?" என்று சமாளித்தார்.

நாசமாய்ப் போகிற கைப்பக்குவம்! அவளைவிட்டு அவரைப் பிரித்து அனுப்ப அவள் கையே சமைக்க வேண்டும். இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊர் என்ன பேசும்? 'பதினாலு வருஷம் தின்னவ, கடைசிக் காரியத்துக்குக் கை கொடுக்கல பாரு' என்று பேசும். அதனால் சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

சனிக்கிழமை காலையில் கறித் துண்டுகளில் உப்பைப் பிசறும்போது முதல் கை போட்டாள், சரியான அளவு. ரெண்டாவது கை போட்டாள். மூன்றாவதும் போட்டாள். சாப்பாட்டை வேண்டுமென்றே கெடுக்கிற புத்தி அவள் பிறந்ததிலிருந்து அவளுக்கு வந்ததில்லை. 'மன்னிச்சிக்கோ மாதாவே' என்று முணுமுணுத்துக்கொண்டே நாலாவதையும் போட்டாள். கொழுப்பில் கறி வெந்து சிவக்கிற நேரத்தில் உப்புத் தண்ணீர் தெளிப்பது வழக்கம். அவள் தெளிக்கவில்லை, குவளை குவளையாக ஊற்றினாள். கொழுப்பு சடசடவென்று வெடித்துக் கையெல்லாம் தெறித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

பதினோரு மணிக்கெல்லாம் வரிசை தெருமுனை வரைக்கும் போய்விட்டது. தோட்டத்து ஆட்கள், ஆப்பிள் பெட்டி அடுக்குகிற பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், எவாரிஸ்தோவை முன்னே பின்னே பார்த்திராதவர்கள்கூட வந்து நின்றார்கள். கிரிசாந்தோவின் மனைவி தெல்ஃபினா சோள ரொட்டியைச் சுட்டுச் சுட்டுப் போட்டாள். அமாலியா கறியை நறுக்கி ரொட்டியில் வைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, ஆப்பிள் போட்டு அரைத்த பச்சை மிளகாய்ச் சட்னியை ஊற்றிக் கொடுத்தாள். ஆப்பிள் சட்னி எந்த மெக்சிகோக்காரனும் தன் ஊரில் கேள்விப்படாதது. தக்காளி விலை ஏறின வருஷம் கிரிசாந்தோ சும்மா கிடைத்த ஆப்பிளை அரைக்க ஆரம்பித்தார், இப்போது அது இல்லாமல் இங்கே யாருக்கும் இறங்காது.

வரிசையில் முதலில் நின்றவர் பெனிஞ்ஞோ. அமாலியா மனசுக்குள் கும்பிட்டாள். ஊரிலேயே வாய்த்துடுக்கான மனுஷன் அவர். ரொட்டி ஒரு ஓரம் கருகியிருந்தாலும், "என்னம்மா, இடுகாட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்தியா?" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கேட்பார். பாதி தின்ற டாக்கோவைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டிருக்கிறார். அவர் ஒரு வார்த்தை 'உப்பு' என்று கத்தினால் போதும், பின்னால் நிற்கிற வரிசை பாதியாகக் கரைந்துவிடும்.

பெனிஞ்ஞோ தலையைச் சாய்த்து ஒரு கடி கடித்தார். மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. கண் பெரிதானது. அமாலியா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கத்து, கத்தித் தொலை!

பெனிஞ்ஞோ அவளைப் பார்த்தார். சுவரில் இருந்த எவாரிஸ்தோவைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக மென்று, கஷாயம் குடிக்கிற குழந்தை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"நல்லா இருக்கும்மா," என்றார். "இன்னும் மூணு குடு. அப்படியே பெரிய டம்ளர்ல செம்பருத்தித் தண்ணி ஒண்ணு."

அவர் மட்டுமா? அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொருத்தரும் அதையேதான் செய்தார்கள். முதல் கடியில் ஒரு கணம் நிற்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் தின்பார்கள். ஒருத்தர் முகம் சுளிக்கவில்லை, ஒருத்தர் தட்டில் மிச்சம் வைக்கவில்லை. "எங்கம்மாவுக்கும் கட்டிக் குடு" என்று வாங்கிப் போனாள் ஒருத்தி. செத்தவனுக்காகச் சாப்பிடுகிற சாப்பாட்டில் குறை சொல்லக் கூடாதாம். என்ன ஜனங்கள் இவர்கள்! வாயில் வைக்க விளங்காததைத் தின்றுவிட்டு, போகிற போக்கில் அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வேறு போனார்கள். பிடித்த ஒவ்வொரு கையையும் உதறிவிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

மத்தியானம் ரொட்டி சுடுகிற வேலையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, தெல்ஃபினா ஒரு டாக்கோவை வாயில் போட்டாள். போட்ட வேகத்தில் பின்கட்டுக்கு வந்தாள்.

"ஏண்டி, என்னடி இது?"

மிச்சக் கறியைப் பார்க்க வந்திருந்த அமாலியா கொப்பரையைத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"கை தவறிப் போச்சுன்னு மட்டும் சொல்லாத. ஒரு கல்லு உப்பு கூடினா அழுவுறவ நீ."

"கை தவறலக்கா."

தெல்ஃபினாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கிருந்த மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி," என்றாள். திட்டுகிற மாதிரி இல்லை அது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"யாருக்கா கேட்டீங்க? ஊர் மொத்தமும் வந்து ஆளுக்கு ஒரு வேலையை எடுத்துக்கிட்டீங்க. 'உனக்கு என்ன வேணும் அமாலியா'ன்னு யாராவது ஒருத்தர் கேட்டீங்களா? அவரு இங்கதான்க்கா வாழ்ந்தாரு. என்கூட வாழ்ந்தாரு. செத்ததும் அவங்க வீட்டு ஆளா ஆயிடுவாரா?"

"ஆகுறாரே, என்ன பண்ண," என்றாள் தெல்ஃபினா. அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "இப்ப நான் என்னடி செய்யணும்? வெளிய போய் கடையைச் சாத்தட்டா? சொல்லு, சாத்துறேன். என் வீட்டுக்காரரு குதிச்சா குதிச்சிட்டுப் போறாரு."

அமாலியா வாயைத் திறந்தாள். சாத்து என்று சொல்ல ஒரு நொடி போதும். அதற்குள் கிரிசாந்தோ ரெண்டு கையிலும் காலிப் பானையைத் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்துவிட்டார். முகமெல்லாம் பல்.

"அடியே தெல்ஃபினா, இங்க என்ன அரட்டை? செம்பருத்தித் தண்ணி தீந்துபோச்சு, அரிசிப்பால் தீந்துபோச்சு, சோடா மூணாவது தடவையா வாங்க ஆள் அனுப்பியிருக்கேன். இப்படி ஒரு தாகத்த நான் பாத்ததே இல்லம்மா! ஆளுக்கு நாலு டம்ளர் குடிக்குறானுங்க. கறி வித்தது பாதிதான், தண்ணி வித்தே சேந்துடுச்சு. அமாலியா, பெட்டிக்கு, விமானத்துக்கு, எல்லாத்துக்கும் போதும். உன் புருஷன் ஊரு போய்ச் சேந்துட்டான்னு வச்சிக்கோ!"

எவாரிஸ்தோவை அவளுடைய புருஷன் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் அனுப்பிவைக்கிற நாளில். தெல்ஃபினா அமாலியாவைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமாலியாவின் கையில் துடுப்பு அப்படியே நின்றது. தான் அள்ளி அள்ளிப் போட்ட உப்புதான் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று புரிந்தபோது, அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. செத்துவிடலாம் போலிருந்தது.

மூன்று மணிக்குள் கொப்பரை காலியாகிவிட்டது. கடைசிக் கறியை ஒரு ரொட்டியில் சுருட்டி, துக்க வீட்டுக்காரி வெறும் வயிறாக இருக்கக் கூடாது என்று யாரோ அமாலியாவின் கையில் திணித்தார்கள். பெனிஞ்ஞோ, ஊர்க்காரர்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தின்றதை அவள் தின்னாமல் வைக்க முடியுமா? முழுசையும் மென்று விழுங்கினாள். தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டாள்.

அப்போதுதான் கிரிசாந்தோ போனில் மிச்சோகானை அழைத்தார். திரையில் ஒரு பெண்ணின் முகம் வந்தது. நரைத்த தலை, வெயிலில் சுருங்கின கண். அமாலியா இந்தப் பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அழகியாக இருப்பாள் என்று எப்படியெல்லாம் கற்பனை பண்ணி எரிந்திருக்கிறாள். கடைசியில் அவளும் தன்னைப் போல ஒருத்திதான்.

"சேந்துடுச்சு ரமோனா, எல்லாம் சேந்துடுச்சு," என்று கத்தினார் கிரிசாந்தோ. "எல்லாம் எங்க கடைல சமைக்கிற இந்தம்மா கையோட ராசி," என்று போனை அமாலியாவின் பக்கம் திருப்பினார். திருப்பின பிறகுதான், ஒன்றும் பேசிவிடாதே என்று அவளுக்குக் கண்ணைக் காட்டினார்.

"உங்க கை நல்லா இருக்கணும் தாயி," என்றாள் ரமோனா. "நீங்கள்லாம் கைவிட மாட்டீங்கன்னு தெரியும். அதான் இன்னிக்கே வெட்டச் சொல்லிட்டேன். இதோ பாருங்க."

போன் திரும்பியது. மேட்டில் ஒரு கல்லறைத் தோட்டம். கண்ணைக் கூசுகிற வெயில். மண்வெட்டிக்காரர்கள் ரெண்டு பேர் ஒரு குழியின் ஓரத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் சுத்தம் பண்ணி, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தது.

"அது எனக்கு," என்றாள் ரமோனா. "ரெண்டையும் ஒண்ணாவே அளந்து வச்சிட்டேன்."

அமாலியா போனை கிரிசாந்தோவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அங்க நிழல் இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"என்னம்மா?"

"அந்த எடத்துல நிழல் வருமான்னு கேட்டேன். வெயில் அவருக்கு ஆகாது. தலை வெடிக்கிற மாதிரி வலி வந்துடும். ஈரத்துணியப் போட்டு ராத்திரி முழுக்கப் பிடிச்சு விடணும்."

திரையில் ரமோனாவின் முகம் திரும்ப வந்தது. கிரிசாந்தோ போனைப் பிடுங்கக் கை நீட்டினார். தெல்ஃபினா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எனக்குத் தெரியாதே," என்றாள் ரமோனா. "இங்க இருந்தப்ப அப்படி ஒண்ணும் இல்லையே."

"இங்க வந்தப்புறம்தான்."

ரமோனா தலையை ஆட்டினாள். கண்ணை அமாலியாவின் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"மரம் தள்ளி இருக்கும்மா," என்றாள் கடைசியில். குரல் இறங்கிப் போயிருந்தது. "குழி வெட்டியாச்சு."

"சரி," என்றாள் அமாலியா. "சரிக்கா."

போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், செவ்வாய்க்கிழமையிலிருந்து அழாத அழுகையை எல்லாம் சேர்த்து வாய்விட்டு அழுதாள். போனை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. மிச்சோகானில், அந்தக் குழியின் ஓரத்தில் நின்றபடி, ரமோனா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.