மைக்கை விடாத மல்யுத்தம்

குற்றாலம் மெயினருவிக்கு முன்னால் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நானும் மசூதும் நின்றோம். தென்காசியில் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கடை. மசூது அருவியைப் பார்த்து நடந்தான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏலே, இதக் கேட்டுட்டுப் போ. இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு டிவில ரெஸ்லிங் போட்டேன். ஒருத்தன் மைக்கப் பிடிச்சுக்கிட்டு வாரான், பேசுதான், பேசிக்கிட்டே இருக்கான். பொறவு எதிராளி வந்து அவனும் பேசுதான். சரி, இப்பமாவது அடிப்பானுவன்னு பார்த்தா, விளம்பரம் போட்டுட்டான்."

"பொறவு பேசுவோம் அண்ணாச்சி, தண்ணி நல்லா விழுது."

"இருலே, நான் இன்னும் முடிக்கல. விளம்பரம் முடிஞ்சு மணி அடிச்ச ஒடனே, மூணாவது ஒருத்தன் நாற்காலியத் தூக்கிட்டு உள்ள வந்து ஆட்டத்தையே கலைச்சுட்டான். சண்ட போட வந்தவனுக்கு எதுக்குலே இவ்வளவு பேச்சு?"

அப்போதுதான் போலீஸ்காரர்கள் விசில் ஊதினார்கள். மலைமேல் மழை, வெள்ளம் வருகிறது என்று குளித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் வெளியே விரட்டினார்கள். குறுக்கே கயிற்றையும் கட்டிவிட்டார்கள்.

மசூது எண்ணெய் வழிந்த முகத்தோடு என் பக்கம் திரும்பினான்.

"சொல்லும் அண்ணாச்சி, இப்ப சாவகாசமாச் சொல்லும். கடைசில யாரு ஜெயிச்சா?"