குறை காணப்படவில்லை

எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு ரப்பர் முத்திரை இருக்கிறது. 'குறை காணப்படவில்லை' என்று குத்துவதற்கு. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலை உச்சியில் பனிக்குள் நிற்கிற ஒரு மனிதன், இந்த ரேடியோ செட் பேச மாட்டேன் என்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறான். நாங்கள் கதகதப்பான அறையில் அதை மேசைமேல் வைத்துப் பொத்தானை அமுக்குகிறோம். அது கணீரென்று பேசுகிறது. முத்திரையை ஒரு குத்து குத்தி மறுபடியும் அவன் தலையிலேயே கட்டிவிடுகிறோம். நீ சொன்னது பொய் என்பதைத்தான் இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறோம்.

என் வேலையே பொருட்களைப் படாத பாடு படுத்துவதுதான். ராணுவக்காரர்கள் கையில் பிடித்துப் பேசுகிற ரேடியோ செட்டுகள் எங்களிடம் வரும். சூடு பெட்டியில் வேகவைப்பேன், குளிரறையில் விறைக்கவைப்பேன். பிறகு குலுக்கு மேசைக்காரனிடம் கொடுப்பேன். அவனுக்குக் கூடத்தில் 'குலுக்கி' என்றே பெயர். அவன் பங்குக்கு அதன் எலும்பெல்லாம் கழன்றுவிடுகிற மாதிரி உலுக்குவான். சாகிறது இங்கேயே சாகட்டும், அங்கே போய்ச் சாகக் கூடாது. எங்கள் தொழிலில் இருக்கிற தத்துவம் அவ்வளவுதான். அதற்குமேல் இருக்கிற வரைபடமும் சூத்திரமும் மேலதிகாரிகளுக்குக் காட்ட.

என் வீட்டுக்காரரும் அப்படி ஒரு பனிமுகாமில்தான் இருக்கிறார். எந்த முகாம் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. கிளம்புகிற அன்று பையைக் கட்டிக்கொண்டே கேட்டார், அங்கே அவர் கையில் கொடுக்கப்போகிற செட்டும் என்னிடம் வதைபட்டதுதானா என்று. எல்லாமே என் கையைத் தாண்டித்தான் போகும் என்றேன். "அப்ப நீயும் கூட வர்றேன்னு சொல்லு" என்றார். வாய் நிறையப் பேசுகிற நான் அன்றைக்குப் பார்த்து அவருடைய காலுறைகளை மடிப்பதிலேயே குறியாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். மணி அடித்ததுமே என் மாமியார் பாய்ந்து எடுத்துவிடுவார். எனக்கு அவர் அத்தைமுறை, அதனால் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சாப்பிட்டியா, சளி பிடிச்சிருக்கா, தைலம் தடவினியா என்று வரிசையாகக் கேட்பார். அந்தத் தைலம் அவர் கைப்பட செய்தது. மெழுகையும் எண்ணெயையும் உருக்கி, கற்பூரமும் கிராம்பும் போட்டுக் கிளறி, வீடே தும்முகிற அளவுக்கு வாசனை கிளப்பி, டப்பாக்களில் ஊற்றி மகனுக்கு அனுப்புவார். என் கைக்குப் போன் வரும்போது இணைப்பு அறுந்துபோகிற நேரம் வந்திருக்கும். வாரம் முழுக்கச் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஓடிவிடும். நல்லா இருக்கீங்களா என்று கேட்பேன். நல்லா இருக்கேன் என்பார். வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

அந்த ஞாயிறு அவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். ரோந்து போன இடத்தில் பனி கிளம்பி வழி மாறிவிட்டதாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாராம், ஒருத்தர் காதிலும் விழவில்லை. கடைசியில் முகாம் நாய் குரைத்த திசையை வைத்துத் திரும்பி வந்து சேர்ந்தாராம். "நம்ம உயிரு நாய் வாயில இருந்திருக்கு பாரு" என்று சிரித்தார். செட் என்ன ஆயிற்று என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ராணுவக் கருவிகளின் பேச்சையே போனில் எடுக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினால் அவருக்கும் எனக்கும் வேலை போய்விடும். பத்திரம், பத்திரம் என்று மட்டும் சொன்னேன். அதற்குள் இணைப்பு போய்விட்டது.

அடுத்த வாரம் திரும்பி வந்த செட்டுகளில் எங்களுக்குப் பழகின ஒன்று இருந்தது. அதன் எண் எல்லோருக்குமே மனப்பாடம். வரும், இங்கே நன்றாகப் பேசும், முத்திரை வாங்கும், போகும், கொஞ்ச நாளில் ஊமையாகித் திரும்ப வரும். குலுக்கி அதற்குத் 'தாய்வீட்டுப் பெண்' என்று பெயர் வைத்திருந்தான். பாதை பனியால் மூடுவதற்குமுன் கடைசி வண்டி கிளம்ப இருந்தது. அதற்குள் எல்லாவற்றையும் முடித்து அனுப்புங்கள் என்று எங்கள் தலைமைப் பொறியாளர் கழுத்தில் கத்தி வைத்தார். அந்த வண்டியை விட்டால் குளிர்காலம் முடிகிறவரை மேலே ஒரு திருகாணிகூடப் போகாது. இப்போது கெட்ட செட்டை அனுப்பினால், அங்கே ஒருவன் குளிர்காலம் முழுக்க அதை நம்பித்தான் பனிக்குள் நடப்பான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வந்த செட்டை முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடைப்போம். சூடு பெட்டியில் உலர்த்துவோம். பேட்டரி சேருகிற வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், ஈரம் உள்ளே போகாமல் தடுக்க. பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவோம். அதற்குப் பிறகுதான் சோதனை. அழுக்கோடு எதையும் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் கௌரவம். துடைக்கிற பெண் அன்று விடுப்பு. அதனால் நானே பையைப் பிரித்தேன்.

பையைத் திறந்ததும் கற்பூர வாசனை. கிராம்பு. அதற்கடியில் எங்கள் வீட்டு அடுப்படி.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் கையில் இருந்த செட் இது. அவர் வழி தெரியாமல் பனிக்குள் நின்றபோது இதைத்தான் அமுக்கி அமுக்கிக் கூப்பிட்டிருக்கிறார். இத்தனை தடவை 'குறை காணப்படவில்லை' என்று குத்தி நான் திருப்பி அனுப்பியது என் புருஷனுக்குத்தான். வெட்கம் மானம் பார்க்காமல் அதை முகத்தோடு வைத்துக்கொண்டேன். தைலத்துக்குப் பின்னால் அவர் வியர்வையும் இருந்தது. எத்தனை மாதம் ஆயிற்று அந்த வாசனையைக் கண்டு.

குலுக்கி வந்து நின்றான். துடைக்கவில்லையா என்று கேட்டுக்கொண்டே ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தான். அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"தொட்ட, அவ்ளோதான். இத யாரும் தொடைக்கக் கூடாது."

"அக்கா, அது முறை இல்ல."

"முறை கிடக்கட்டும்" என்றேன்.

உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குப் பொறியியல் எதுவும் தோன்றவில்லை. அந்த வாசனை போய்விடக் கூடாது, அதுதான் மனதில் இருந்தது. அறிவு கொஞ்சம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. நெஞ்சில் பூசுகிற தைலம் செட்டின் அடிப்பக்கத்துக்கு எப்படி வரும்? சட்டைக்குள்ளே, உடம்போடு வைத்திருந்தால்தான் வரும். இதையெல்லாம் நாங்கள் ஒவ்வொரு தடவையும் துடைத்து, உலர்த்தி, குப்பைக் கூடையில் போட்டிருக்கிறோம். நோயாளியைக் குளிப்பாட்டிச் சட்டை மாற்றிவிட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற கூட்டம் நாங்கள்.

அப்படியே குளிரறைக்குள் வைத்தேன். உறைந்ததும் பொத்தானை அமுக்கினேன். சத்தம் இல்லை. மறுபடியும் அமுக்கினேன். மூச்சுகூட இல்லை. குலுக்கி வாயைப் பிளந்தான். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

கழற்றிப் பார்த்தோம். ரப்பர் வளையம் தைல எண்ணெயைக் குடித்துக் குடித்து உப்பிப்போய், இருக்க வேண்டிய பள்ளத்தை விட்டு எழும்பியிருந்தது. அந்த இடைவெளியில் உடம்பின் ஈரம் உள்ளே போயிருக்கிறது. வெளியே எடுத்ததும் அந்த ஈரம் உறைந்து, மின்சாரம் பாய வேண்டிய முனைகளுக்கு நடுவே மெல்லிய பனித்தகடாக உட்கார்ந்திருந்தது. சூட்டில் உலர்த்திப் புது வளையம் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி பேசும். மேலே போனதும் திரும்பவும் தைலம், திரும்பவும் ஈரம்.

தலைமைப் பொறியாளரிடம் ஓடினேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் வண்டி கிளம்புகிற நேரத்தில் யாருடைய நல்லகுணமும் தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது செட்டின் குறை இல்லை, வைத்துக்கொள்கிற ஆளின் குறை என்றார். உடம்போடு வைக்கக் கூடாது என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிடலாம் என்றார்.

அந்த ஸ்டிக்கரை என் வீட்டுக்காரர் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். வாசகத்தை எழுதப்போவதும் நான்தான்.

"ஆளையும் சேர்த்ததுதான் சார் செட்டு" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "அந்தக் குளிர்ல நிக்கறவன் எதையாவது கட்டிப் புடிச்சிக்கிட்டுத்தான் தூங்குவான். அதையும் தாங்கற மாதிரி செய்யத்தான் நமக்குச் சம்பளம். ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு இல்ல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முறைப்படி மேலிடத்தில் கேட்டுச் சொன்னார்: எல்லா முகாமிலும் செட்டை அங்கிக்குள்தான் வைத்துக்கொள்கிறார்களாம். வெளியே வைத்தால் குளிரில் பேட்டரி செத்துவிடுகிறதாம். ஸ்டிக்கர் ஒட்டினாலும் எவனும் கேட்க மாட்டான் என்று அவரே ஒப்புக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன். ஆனாலும் முகம் சுண்டிப்போனது. பேட்டரிக்காகத்தானா? நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டுவிட்டேனே. அட அசடே என்று என்னையே திட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

எண்ணெய்க்கு அசையாத வேறு ரப்பர் ஒன்று வண்டி இன்ஜின் பிரிவில் இருந்தது. அதில் வளையம் வெட்டி வாங்கினோம். தைலத்தில் ஊறவைத்துச் சூடு பெட்டியில் வைத்தோம், உப்பவில்லை. அது மட்டும் போதாது என்றேன். உடம்பில் வைத்துப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்று பிடித்த பிடியில் நின்றேன். யார் உடம்பில் என்று குலுக்கி கேட்டான். வேறு யார்?

வீட்டிலிருந்து ஒரு டப்பா தைலம் எடுத்து வந்தேன். நெஞ்சில் அப்பிக்கொண்டு, அவருடைய செட்டைச் சட்டைக்குள் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டேன். அதோடு நடந்தேன், மாடிப்படி ஏறினேன், வியர்க்க வியர்க்க வேலை செய்தேன். நடுநடுவே குளிரறைக்குள் போய் வெளியே எடுத்துப் பேசிப் பார்த்தேன். "அக்கா, பிள்ளை சமத்தா இருக்கா?" என்று குலுக்கி கேலி செய்தான். சிரித்து வைத்தேன். அது இருந்த இடம் அவர் தலைசாய்த்துத் தூங்குகிற இடம். முதலில் சில்லென்று இருந்தது, பிறகு என் சூட்டை வாங்கிக்கொண்டு கனமாக, அமைதியாக இருந்தது. மதிய வேளையில் நாற்காலியில் சாய்ந்தபடியே அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்தபோது கட்டை அவிழ்க்க மனமே வரவில்லை.

ஒவ்வொரு தடவையும் அது பேசியது. மற்ற செட்டுகளுக்கும் அதே ரப்பரைப் போட்டோம். வண்டி கிளம்புகிற அன்று கடைசியாக அதைப் பையில் வைத்துக் கட்டினேன். அனுப்பும்போதும் துடைத்து அனுப்ப வேண்டும் என்பது முறை. குலுக்கி ஸ்பிரிட் பாட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டில் அத்தை, சட்டையெல்லாம் தைல வாசனை அடிக்கிறதே, சளியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருடைய தைலம் மகனை என்ன பாடு படுத்தப் பார்த்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதற்கெடுத்தாலும் அவரோடு மல்லுக்கு நிற்கிற எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு ஞாயிறு போன் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தது. அத்தை என்ன நினைத்தாரோ, சாப்பிட்டியா என்று ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். இவ்வளவு நேரம் என் கையில் கிடைத்ததே இல்லை.

"நல்லா தூங்குறீங்களா?" என்று கேட்டேன்.

"தூங்குறேன்" என்றார். "இந்தத் தடவ உன் வாசம் வந்துச்சு."

எதைப் பற்றி என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது.

"குளிருக்காகத்தான் எல்லாரும் உள்ள வச்சுக்கறாங்களாமே" என்றேன். என் குரல் எனக்கே சண்டைக்கு வருகிற மாதிரி கேட்டது.

"எல்லாரும் அதுக்குத்தான்" என்றார். "நான் குளிர் இல்லாதப்பவும் வச்சுக்கறேன். தப்புன்னா சொல்லு, விட்டுடறேன்."

"வேணாம், விடாதீங்க" என்றேன். "வச்சுக்கோங்க. இனிமே அதுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். இணைப்பு அறுந்துவிட்டது.

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் தூங்குகிறாராம் என்றேன். சின்ன வயதிலிருந்தே எதையாவது கட்டிக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும் என்றார் அவர். தெரியும் அத்தை என்றேன்.

பாதை திறக்க இன்னும் ஒரு குளிர்காலம் முழுதாக இருக்கிறது. அவருக்காவது கட்டிக்கொள்ள ஒன்று இருக்கிறது. நான் அலமாரியிலிருந்து தைல டப்பாவை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.